பெரியவர் தேதி கேட்கிறார்

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். இன்றுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறை வரை நடந்தேன். என் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இருக்கின்றன, போன வருடம் வாங்கிய லேப்டாப்பிலிருந்து கேசட்டில் ஓடும் அரதப்பழசு வரை. பெரியவரை மட்டும் காணோம். மேசையில் அவர் இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிகிறது.

முதலில் வந்தவர் அவர்தான். பச்சை எழுத்துத் திரை, இரும்புப் பெட்டி. ஓர் அலுவலகம் குப்பைக்குத் தள்ளியதை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மார்ச் 5

அக்கா புருஷன், அத்தான்தான் எடுத்திருக்கிறார். போனில் கேட்டால் ஒளிவுமறைவே இல்லை. புதிதாகத் திறக்கப்போகும் லேப்டாப் கடையில், வாசலிலேயே கண்ணில் படுகிற மாதிரி ஒரு பழைய பெட்டி வேண்டுமாம். வீட்டு ஓனர் தன்னிடமிருந்த சாவியால் திறந்துவிட்டாராம்.

"சும்மாதான கிடந்துச்சு. நீ இருந்த நிலைமைல, இனிமே அதெல்லாம் உனக்கு எதுக்குன்னு நினைச்சேன்."

அதாவது, செத்துவிடுவேன் என்று. நான் மூக்கில் குழாயோடு கிடந்தபோது இந்த மனுஷன் என் அறையில் நின்று எதை எடுக்கலாம் என்று பார்த்திருக்கிறார். வயிறு எரிகிறது. தையல் போட்ட வயிறு வேறு.

மார்ச் 9

வீட்டு ஓனர் படியில் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 12

கடைக்குப் போனேன். கண்ணாடி மேசை, மேலே விளக்கு, "உரிமையாளரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து" என்று ஓர் அட்டை. பெரியவரை நான் முதன்முதலில் ஓடவைத்த தேதியை எழுதிப் பின்பக்கம் ஒட்டியிருந்தேன். அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னேன். இங்கே இருந்தால் உனக்கும் பெருமைதானே என்கிறார் அத்தான்.

அக்கா அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவம், புருஷன் முன்னால் என்ன பேசுவாள்?

மார்ச் 15

அத்தான் போன் செய்தார். திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டப்போகிறாராம். ஓடுமா என்று கேட்டார்.

"ஓடும் அத்தான். நல்லா ஓடும்."

பொய் இல்லை. ஆனால் உள்ளே கரண்ட் வந்து சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் இருக்கிறது. வயதானால் அதன் மேலோடு கீறல் விட்டு ஈரம் இறங்கிவிடும். அப்படிப்பட்டதற்குக் கரண்ட் கொடுத்தால், சில நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு வெடிக்கும். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. புகைதான். ஆனால் அந்த நாற்றம் இருக்கிறதே, லேசில் போகாது. பழைய பெட்டி சேர்க்கிறவர்கள் அதை மாற்றாமல் சுவிட்சைத் தொடமாட்டார்கள். பெரியவருடையதில் நிறையக் கீறல். புதியது வாங்கியும் வைத்திருந்தேன், அதற்குள் ஆஸ்பத்திரி.

ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லமாட்டேன். செத்தவள் எப்படிப் பேசுவாள்?

மார்ச் 17

மனசு மாறுமோ என்று பார்த்தேன். மாறவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 19

விழா. கடை கொள்ளாத கூட்டம். அத்தான் கோட்டு போட்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பைத்தியம் கையாலேயே போடலாம் என்று சொல்லிவிட்டார். பக்கென்றது. அதற்காக விடுவேனா?

சுவிட்சைப் போட்டேன். பச்சை எழுத்து வந்தது. கைதட்டினார்கள். பெரியவர் அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். எழுந்ததும் முதல் வேலையாக இன்றைக்கு என்ன தேதி என்று கேட்பார். அடித்தேன். பிறகு எழுந்து, போட்டோவுக்கு நீங்கள் உட்காருங்கள் அத்தான் என்று இடம் விட்டேன். பெட்டியைத் தோளோடு அணைத்தபடி சிரித்தார். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் என்றார். நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

படார்.

வெள்ளைப் புகை. அழுகிய மீனை ரப்பரோடு சேர்த்துச் சுட்ட நாற்றம். வந்தவர்கள் கையில் ஜூஸோடு தெருவுக்கு ஓடினார்கள். அத்தான் மேசைக்கடியில் இருந்தார். பிளக்கைப் பிடுங்கினேன்.

"இந்தச் சனியனை இப்பவே எடுத்துட்டுப் போ."

எல்லார் காதிலும் விழுந்தது. சரி அத்தான் என்றேன், ரொம்பப் பணிவாக. போட்டோக்காரர்தான் வண்டி வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

மார்ச் 20

புதுக் கெப்பாசிட்டரைப் போட்டாயிற்று. ஜம்மென்று ஓடுகிறார். கடையில் நாற்றம் போகவில்லையாம், புது லேப்டாப் பெட்டிகளில்கூட ஏறிவிட்டதாம். அடடா.

மார்ச் 22

அக்கா வந்தாள். சேர்ந்து சிரிப்போம் என்று நினைத்தேன். அவள் உட்காரவே இல்லை.

"ஓனர் திறக்கலடி. நான்தான் சாவி குடுத்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு... நீ வரமாட்டேன்னே நினைச்சுட்டேன்."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் கொடுத்து வைத்த சாவி.

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அத்தானை என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. இவளை?

பெரியவரைப் போட்டேன். தேதி கேட்டார். நீயே அடி என்றேன். அக்கா எண்களை ஒவ்வொன்றாகத் தேடி, இன்றைய தேதியை அடித்தாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். பிறகு சாவிக்கொத்தை எடுத்து, என் வீட்டுச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தாள். இறுக்கமான வளையம். நகம் வலித்திருக்கும். நான் உதவி செய்யவில்லை.