டோரீனுக்கு நாங்கள் வைத்த பெயர்

ஜனவரி 11, சனி

ஷரோன் வந்து போனாள். பெப்ரவரியில் ஸ்காபரோவில் கறுப்பின மக்களின் வரலாற்றுப் படங்களுக்கு ஒரு விழா வைக்கிறார்கள். அதில் இரண்டு படங்களுக்கு நான்தான் தமிழில் சப்டைட்டில் எழுத வேண்டும் என்று ஒரே பிடி. உங்கள் ஆட்களும் வந்து பார்க்க வேண்டும், அன்ரி என்றாள். எங்கள் ஆட்கள்! சாப்பாடு வைத்தால் வருவார்கள் என்றேன்.

இரண்டாவது படம் அவளே எடுத்தது, தன் அம்மா டோரீனைப் பற்றி. இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில், பார்க்டேல் மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு எதிர்க்கதவு. ஜமேக்காவிலிருந்து வந்தவர். நானும் இவரும் வேலைக்கு ஓடிய ஆறு வருடமும் எங்கள் மகள் கௌசியைத் தன் ஷரோனோடு சேர்த்து வளர்த்தவர். கௌசியின் முதல் பல் விழுந்ததே அவர் வீட்டில்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் படம் முடிந்தது. போர்த்துக்கேயர் கப்பலில் அடிமைகளாக ஏற்றி, கோவாவிலும் இலங்கையிலும் கொண்டுவந்து இறக்கிய ஆபிரிக்கரைப் பற்றியது. அந்த மக்களுக்கு எசமான்கள் வைத்த 'காஃப்ரே' என்ற பெயரை ஒருவர் விளக்குகிறார். இரண்டு தரம் ஓடவிட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. அதுதான் எங்கள் வாயில் காப்பிலி ஆகியிருக்கிறது.

கறுப்பு ஆட்களை நாங்கள் இங்கே இளக்காரமாகச் சொல்கிற சொல். பஸ்ஸில், கடையில், பிள்ளைகளுக்கு முன்னால். அவர்களுக்கு விளங்காது என்ற தைரியம். உடுத்த உடுப்போடு ஓடிவந்த சனம், இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறோம்.

ஜனவரி 26, ஞாயிறு

ஷரோனின் படத்தில் கௌசியின் நான்காவது பிறந்தநாள் வீடியோ வருகிறது. இவர் எடுத்த பழைய கசெற். கதவு திறக்கிறது. டோரீன் பரிசுப் பெட்டியோடு நிற்கிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"காப்பிலி வந்திட்டுது. நல்ல பீங்கானுகளை உள்ள வையுங்கோ. அதுக்குக் கடதாசித் தட்டிலை குடுங்கோ."

என் குரல்.

வந்திட்டா என்றுகூட இல்லை. வந்திட்டுது. ஆடு மாடு வந்த மாதிரி.

அடுத்த காட்சியில் இன்றைய டோரீன், எழுபத்தாறு வயதில், சிரித்துக்கொண்டு சொல்கிறார்: அந்த வீட்டில் எனக்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது. காப்பிலி. அவர்கள் மொழியில் உயிர்த்தோழி என்று அர்த்தம். ஸ்ரீ சொன்னார்.

ஸ்ரீ என்றால் என் புருஷன், ஸ்ரீதரன். போய்க் கேட்டேன். பகிடிக்குச் சொன்னாராம். "அந்த நேரம் எல்லாரும் சொன்னதுதானே. உதை ஏன் இப்ப தோண்டுறீர்?"

நான் எங்கே தோண்டினேன்? அது மேலேயேதான் கிடக்கிறது.

ஜனவரி 28

கசெற்றில் பேசுவதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லியிருந்தாள் ஷரோன். 'எங்கள் தோழி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தட்டுக் கொடுங்கள்.' இப்படித்தான் எழுதி அனுப்பினேன். இரைச்சலாக இருக்கிறது, அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடு என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

இருபது வருடம் அகதி விசாரணைகளில் இருந்து, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்து உழைத்தவள் நான். த்தூ.

பெப்ரவரி 15, சனி

இன்று திரையிட்டார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் எங்கள் சனம். டோரீன் தேவாலயத்துக்குப் போடும் ஊதாத் தொப்பியோடு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஷரோன் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஆள் வைத்து இரைச்சலை எல்லாம் எடுத்துத் துப்புரவாக்கியிருந்தாள். என் மேல் உள்ள மரியாதையில்! என் குரல் மணி மாதிரி வந்தது.

பின்வரிசையில் எங்கள் ஆம்பிளைகள் சிரித்தார்கள். இளம் பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். டோரீன் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். தன்னை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எனக்கு அந்தக் கையை வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது. என் கையைத்தான்.

ஷரோன் சிரிக்கவில்லை. சிரித்தவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பெப்ரவரி 16

பிக்கரிங்கிலிருந்து கௌசி போன் எடுத்தாள். நேற்று அவளும் மண்டபத்தில் இருந்து பார்த்தவள். "அம்மா, நீங்க செய்தது ட்ரான்ஸ்லேஷன் இல்லை. பொய். ஷரோனிட்ட நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?"

நான்தான் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 18

கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னேன். சொல்லுக்குச் சொல், கடதாசித் தட்டு வரைக்கும்.

கத்துவாள், அழுவாள் என்று நினைத்துப் போனேன். ஒன்றுதான் கேட்டாள்: உண்மையாகவே அம்மாவுக்குக் கடதாசித் தட்டிலா கொடுத்தீர்கள்? ஓம் என்றேன். எனக்கும் அதிலேதானா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அதிலேதான்.

டோரீனிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். உங்கள் பாரத்தை இறக்கி வைக்க என் அம்மாதான் கிடைத்தாரா அன்ரி, அவருக்கு அது செல்லப் பெயர், அப்படியே இருக்கட்டும் என்றாள். கோப்பியைக் குடிக்காமலே எழும்பிப் போனாள்.

மார்ச் 9

ஷரோன் என் போனை எடுப்பதில்லை. எடுக்கவும் வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று டோரீனே போன் எடுத்தார். படத்தைத் திரும்பப் போட்டார்களாம், பிறந்தநாள் காட்சியைக் காணவில்லையாம். ஏன் என்று கேட்டால் ஷரோன் வாயே திறக்கிறாள் இல்லையாம்.

ராணி, நீயா வெட்டச் சொன்னாய் என்று கேட்டார். என்னோடு நிற்பதைப் பார்த்து உன் ஆட்கள் ஏதும் சொன்னார்களா? அதுதான் நீ இந்தப் பக்கம் வருவதில்லையா?

இல்லை, இல்லை என்றேன். சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். ஷரோன் சொன்னது நினைவுக்கு வந்தது. அல்லது அதைச் சாட்டாக வைத்துக்கொண்டேனா? தெரியவில்லை.

அவர் மெல்ல, அப்படியென்றால் நான் இன்னும் உன் காப்பிலிதானே என்றார்.

ஓம் டோரீன், நீங்கள் எங்கள் காப்பிலிதான் என்றேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை வருடம் சொன்ன சொல். அவரிடமே சொன்னது இன்றுதான். நிம்மதியாகச் சிரித்தார்.