வளைவின் உள்பக்கம்

பாலோ பிளாங்கோ மலைப்பண்ணை
ஆகஸ்ட் 28

அன்பு மகள் எல்வீராவுக்கு அப்பா தாமசோ எழுதுவது. இங்கே நானும் கோவேறு கழுதையும் சுகம். இருவரில் அறிவாளி அதுதான் என்பதால் அதன் பெயரை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கோடையிலும் மூன்று புயல் கிளம்பின. மூன்றும் எங்களை எட்டிப் பார்க்காமல் நடுக்கடலுக்குத் திரும்பிவிட்டன. ரேடியோக்காரன், "கடவுள் புண்ணியத்துல புயல் விலகிருச்சு மக்களே!" என்று கூவினான். செருப்பைக் கழற்றி எறிந்தேன். ரேடியோ தப்பித்தது, காப்பிப் பானை போயிற்று. அவனுக்கென்ன, ஆடா மாடா? சாயங்காலம் மலை முகட்டில் இடிக்கிற மேகம் ஒரு ஆட்டின் முதுகைக்கூட நனைப்பதில்லை. எங்கோ கடலில் போகிற புயலின் வால் பட்டால்தான் எங்களுக்குக் கோடை மழை. மூன்று வருஷமாக வால் படவில்லை. நூற்றுப்பத்து ஆட்டில் நாற்பது நிற்கிறது. கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி அதற்குத் தின்னப் போடுகிறேன். செப்டம்பருக்குள் மழை வராவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன் வீட்டு மூலைக்கு வந்துவிடுவேன்.

நான் பார்த்துச் சொன்ன வறண்ட காட்டாற்று மணலில் வீடு கட்டியது உன் மாமியார் பெத்ரா அம்மாவுக்கு இன்னும் பயமாயிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இடம் பார்த்த அன்றே கேட்டார், "ஏன் சம்பந்தி, இங்க ஒரு பெரிய மரங்கூட இல்லையே?" என்று. "உங்க வீட்டுக்கு இடம் விட்டு நிக்குது சம்பந்தியம்மா" என்றேன். மாப்பிள்ளை ஹாசிந்தோகூடச் சிரித்தார். மீன்பிடி ஊர்க்காரருக்கு மணலைப் பற்றி என்ன தெரியும்? கையை விட்டேன், முழங்கை ஆழத்தில் ஈரம்! ஈரம் தட்டுகிற இடத்தை விட்டுவிட்டு மலைக்காரன் வேறெங்கே வீடு கட்டச் சொல்வான்? கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் அசட்டு அப்பா,
தாமசோ


பாலோ பிளாங்கோ
செப்டம்பர் 14

எல்வீரா, என் கண்ணே!

வந்தது! கரையைத் தொடவே இல்லை, கடலோடு போயிற்று, ஆனால் வாலால் எங்களை அடித்துவிட்டுப் போயிற்று. இரண்டு பகல், இரண்டு இரவு. ஒரு வருஷத்து மழை. உள்ளாடையோடு முற்றத்தில் ஆடினேன். கழுதை வெட்கப்பட்டுத் திரும்பி நின்றுகொண்டது. பாறைத் திட்டில் நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், கீழே காட்டாறு காளை மாதிரி முட்டிக்கொண்டு இறங்குகிறது. கை தட்டி அனுப்பினேன். அது உங்கள் சான் எலோய்க்குத்தானே வந்து கடலில் விழும்? உன் மாமியாரிடம் சொல், சம்பந்தி சீர் அனுப்பியிருக்கிறார் என்று.

இனி ஆடு விற்க வேண்டாம். பாதை அடித்துப் போய்விட்டதால் தபாலும் கொண்டுபோகிற பாலாடைக்கட்டி லாரி வராது. இறங்கிப் போகிற கழுதைக்காரனிடம் இதைக் கொடுக்கிறேன்.

தலைகால் புரியாத
அப்பா


பள்ளிக்கூடம், சான் எலோய்
செப்டம்பர் 13

அப்பா,

நானும் ஹாசிந்தோவும் உயிரோடு இருக்கிறோம். வீடு இல்லை.

முந்தாநாள் காலை பத்து மணி. இங்கே தூறல்தான். அத்தை பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார். கல் உருளுகிற சத்தம் கேட்டது. "லாரியா வருது?" என்றார். கதவைத் திறந்தேன், ஆறு வாசலில் நின்றது. அத்தைக்கு முழங்கால் வலி தெரியுமே, ஓட முடியாது. ஹாசிந்தோ ஒரு கையில் என்னையும் ஒரு கையில் அவரையும் பிடித்திருந்தார். "ரெண்டு பேரையும் பிடிக்க முடியாதுடா, என்னை விடு, அவளைப் பிடிடா" என்று அத்தை கத்தினார். விட்டது ஹாசிந்தோ இல்லை அப்பா. அவரே கையை உருவிக்கொண்டார்.

உடல் கிடைக்கவில்லை. இரண்டு நாளாக ஹாசிந்தோ விடிந்ததும் கடற்கரைக்குப் போய்த் தேடுகிறார். சாப்பிடுவதில்லை. உங்கள் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எல்வீரா


பாலோ பிளாங்கோ
செப்டம்பர் 24

மகளே,

உன் கடிதத்தைக் கொண்டுவந்தவன்தான் என் கடிதத்தைக் கீழே கொண்டுபோனவன். "அதைத் திருப்பிக் கொடுப்பா" என்றேன். "உங்க பொண்ணு கையிலயே குடுத்துட்டேனே தாத்தா, சந்தோஷமான சேதின்னு சொன்னீங்களே" என்றான். அந்தச் சீர் என்கிற வார்த்தையை நீ படித்திருப்பாய். மாப்பிள்ளை படித்தாரா?

புல் கணுக்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. ஆட்டை இன்னும் பட்டியில்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. கடற்கரையில் தேட வேண்டாம். வெள்ளம் கொண்டுபோன ஆடுகளை வருஷக்கணக்காகத் தேடியவன் சொல்கிறேன். காட்டாறு எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிடாது. திரும்புகிற இடத்தில், வளைவின் உள்பக்கம் வேகம் குறையும். அங்கே முள்மரக் குப்பையைச் சேர்த்து, மேலே மெல்லிய மணலைப் போட்டு மூடும். உன் வீட்டுக்குக் கீழே முதல் வளைவு, அப்புறம் இரண்டாவது. நீளக் குச்சியால் குத்திப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதே. ஆற்றைப் பற்றி என் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை அவர் கேட்க வேண்டாம். நீயே நினைத்ததாகச் சொல்.

புறப்பட்டு வரவா? உத்தரவு வந்தால் நடந்தே இறங்குவேன்.

அப்பா


சான் எலோய்
அக்டோபர் 6

அப்பாவுக்கு,

இரண்டாவது வளைவில் கிடைத்தார். நீங்கள் எழுதியபடியே, உள்பக்கம், ஒரு முள்மரத்தின் அடியில். கையில் கரண்டி இருந்தது. மாமனார் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். ஒன்பது நாள் ஜெபம் நேற்று முடிந்தது.

சிலுவை நட்டுவிட்டுத் திரும்பும்போது ஹாசிந்தோ, "அந்த வளைவு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை அப்பா. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்: "எங்க தேடணும்னு இவ்வளவு தெரிஞ்சவருக்கு, எங்க கட்டக்கூடாதுன்னு தெரியாமலா இருந்துச்சு?"

இதற்குப் பதிலைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமானால் வாருங்கள்.

எல்வீரா