கோல்கீப்பர் போய்விட்டான்

அன்புத் தம்பிக்கு,

நம் கோல்கீப்பரையும் கிளப் விட்டுவிட்டது. புதிதாக வந்தவனுக்கு முழங்காலில் கட்டு. அவனைவிடக் கோல் கம்பமே தேவலை, அதுவாவது இரண்டு பந்தைத் தடுத்தது.

நேற்று ரசிகர் கூட்டத்தில் மேனேஜரிடம், "நல்லா ஆடுறவன ஏன் சார் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"மூணு தடவை சம்பளத்தக் கூட்டித் தரச் சொன்னான். பார்க்கலாம்னே சொல்லிட்டிருந்தோம். அப்புறம் அவன் கேட்கல, போயிட்டான்" என்றார்.

எல்லோரும் கூச்சல் போட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நம் பட்டறைப் பெயர்ப் பலகையில் உன் பெயரையும் சேர்க்கச் சொல்லி, பட்டறையை விட்டுப் போவதற்கு முன் நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். நானும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

இன்று காலை பெயின்டர் வந்து எழுதிவிட்டுப் போனார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வந்து பார்.

உன்
அண்ணன்