பின்னறையைக் கழுவிய நாள்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் எழுதுவதே இல்லை என்று இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய். போனில் பேசலாம் என்றால் காது சரியாகக் கேட்கவில்லை என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஒரு நல்ல செய்தி. என் வகுப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மருத்துவம் படிக்கிறவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள், மண்ணையும் தண்ணீரையும் படிக்கிறவர்கள், எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காரப் போகிறார்கள். "மாட்டு டாக்டருங்க கிட்ட எங்க பசங்க என்ன கத்துக்கப் போறாங்க?" என்று மருத்துவக் கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேராகவே கேட்டார். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள் என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

மழைக்குப் பிறகு உங்கள் ஊரில் காய்ச்சல் பரவுகிறதாம். அதனால் முதல் பயிற்சி அங்கேதான். மூன்று மூன்று பேராக வீடு வீடாகப் போவார்கள். ஒருவர் மனிதர்களைப் பற்றிக் கேட்பார், ஒருவர் பிராணிகளைப் பற்றி, இன்னொருவர் தண்ணீரையும் சாக்கடையையும் பார்ப்பார். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும் என்பது நானே போட்ட விதி.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: அடுத்த வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறார்கள். அது என் அம்மா வீடு என்று வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்பா விட்டுப்போன காகிதங்கள் கிடக்கும் பின்னறையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

உன் மகள்

ஜூன் 20

அன்புள்ள மகளுக்கு,

உன் பிள்ளைகள் வந்து போனார்கள். மூன்று பேருக்கும் நகம் சுத்தமாக இருந்தது, முதலில் அதைத்தான் பார்த்தேன். நான் படித்த கான்வென்ட்டில் எங்கள் மதர் விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுவார். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

டாக்டருக்குப் படிக்கிற பெண்ணும் உன் கால்நடைப் பையனும் யார் முதலில் கேட்பது என்று வாசலிலேயே முட்டிக்கொண்டார்கள். "இங்க என்னென்ன பிராணிங்க இருக்கு பாட்டி?" என்று அவன் கேட்டான். "இது மனுஷங்க இருக்கிற வீடு" என்றேன். எலி? "எலியா, என் வீட்டிலயா?" என்று நான் பார்த்த பார்வையில் எழுதாமலே பேனாவை மூடிவிட்டான். பிறகு பின்பக்கச் சாக்கடையோரம் படுத்திருக்கும் தெருநாயின் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தான். அது என் நாய் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நீ சொன்னபடி முந்தின நாளே பின்னறையைக் கழுவியாயிற்று. உன் அப்பாவின் காகித மூட்டைகளில் என்னவெல்லாம் குடியிருந்தது என்று கேட்காதே. வேலைக்கு வருகிறவள் தண்ணீரை ஊற்றிவிட்டு முட்டி போட்டு மூலை மூலையாகத் தேய்த்தாள். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ தலைநிமிர்ந்து பாடம் நடத்தலாம்.

அம்மா

ஜூலை 1

அம்மா,

இரண்டு தடவை போன் செய்தேன். "சத்தமா பேசு" என்று சொல்லிவிட்டு நீயே வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அந்த நாய் செத்துவிட்டது. கால்நடைப் பையன் விடாமல் அதன் ரத்தத்தைச் சோதித்திருக்கிறான். எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து வருவது. மனிதர்களுக்கும் வரும், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மூன்று பேரும் தெரு முழுக்க அலைகிறார்கள். அவர்கள் வரைந்த தெரு வரைபடத்தில் சந்தேகமே இல்லாத வீடு என்று உன் வீட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை வகுப்பில் காட்டி நானும் பாராட்டினேன்.

பின்னறையில் எலி இருந்ததா? கழுவியவள் வெறுங்காலோடு நின்றாளா? இப்போது அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? உடனே பார்.

உன் மகள்

ஜூலை 5

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது அவள் வேலைக்கு வராமல் நின்று சில நாள் ஆகியிருந்தது. மழை பெய்தாலே அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருந்தேன்.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் கிடந்தாள். கண் இரண்டும் மஞ்சள். சாதாரண மஞ்சள் காமாலை என்று வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருத்தி பக்கத்தில் நின்று, "அழுக்குத் தண்ணியில எங்கயாவது நின்னீங்களா? எலி இருக்கிற இடத்துல வேலை செஞ்சீங்களா?" என்று பொறுமையாகத்தான் கேட்டாள். "இல்லம்மா, நான் வேலை செய்யறது சுத்தமான வீடு" என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "அம்மா, நான் யாருகிட்டயும் சொல்லலம்மா."

நான் அதைச் சரிபார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அந்தச் சின்ன டாக்டரிடம் சொன்னேன்: "என் வீட்டுல எலி இருக்கு. அது இருந்த இடத்தை இவளைக் கழுவ வெச்சது நான்தான்." காது கேட்காதவள் இல்லையா, எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, வார்டே திரும்பிப் பார்த்தது. அப்போதே மருந்தை மாற்றினார்கள். சிறுநீரகம் பாதித்திருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அவளுடைய புருஷன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆமாம், எனக்குக் காது கேட்பதில்லை. உன் முதல் போனில் நீ எலி என்று சொன்னது மட்டும் நன்றாகவே கேட்டது.

அம்மா

ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மேல் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம், வாய் வரவில்லை. நாள் சொன்னது நான். பின்னறையைப் பார்த்துக்கொள் என்று எழுதியதும் நான். அங்கே எலி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

கால்நடைப் பையன்தான் எழுந்தான். "மேடம், அன்னிக்கே எலின்னு எழுதியிருந்தா அந்தம்மாவுக்கு முதல் நாளே சரியான மருந்து கிடைச்சிருக்குமே?" என்றான். ஆமாம் என்றேன்.

வகுப்பை நிறுத்துவதா என்று முதல்வர் பிள்ளைகளிடமே கேட்டார். சேர்ந்து படிப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் வீடுகளுக்குப் போவதை இனி வேறு ஒருவர் பொறுப்பில் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு மறுபடியும் வருவார்கள். என்றைக்கு என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி.

அவள் எப்படி இருக்கிறாள்?

உன் மகள்

ஜூலை 26

அன்புள்ள மகளுக்கு,

அவள் பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கான்வென்ட்டில் தப்புச் செய்தால் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். எனக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. நின்றபடியே கேட்டேன்.

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அது மன்னித்தவள் சொல்கிற "சரி" இல்லை. பெரிய மனுஷி சீக்கிரம் கிளம்பட்டும் என்று சொல்கிற "சரி". "இனிமே அவ உங்க வீட்டுக்கு வரமாட்டா" என்றார் புருஷன். அவள் அதை மறுக்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

நேற்று உன் பிள்ளைகள் வந்தார்கள். காலையில் இருந்து நான் பெருக்கவும் இல்லை, தலை வாரவும் இல்லை. அந்தப் பையன் தயங்கித் தயங்கி முதலில் இருந்து கேட்டான். "எலி, பின்னறையில. இன்னும் இருக்கு" என்றேன். இந்தத் தடவை எழுதினான். தண்ணீர் படிக்கிற பெண் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் போனாள். "வேண்டாம், அப்படியே வாங்க" என்று தடுத்தேன். மூன்று பேரும் மழைச் சேற்றோடு முன்கூடத்தின் குறுக்கே நடந்து பின்னறைக்குப் போனார்கள்.

அந்தத் தடங்கள் இன்னும் தரையில் இருக்கின்றன. துடைக்க ஆள் இல்லை. எனக்கும் இன்று துடைக்கத் தோன்றவில்லை.

அம்மா