நான்காம் மரம்

பல்லேகம,
டிசம்பர் 14.

அன்புத் தம்பி ஹுஸ்னிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் நானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். கொழும்பில் நீயும் சுகமாக இருப்பாய். குசினி ஜன்னலைத் திறந்தால் உங்கள் கம்பனியின் டவர் தெரிகிறது. ஆனாலும் உனக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, நான்கு நாள் வெயில் இல்லாவிட்டால் சிக்னலும் இல்லை. டீசல் புகை போனது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் சின்னவளுக்கு இருமல் நின்றிருக்கிறது.

சோலார் வேலைக்கு விருது கிடைத்து பேப்பரில் உன் படம் வந்ததே, அதை வாப்பா வெட்டி அலுமாரியில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆகஸ்ட்டில் உங்கள் ஆட்கள் பள்ளிவாசலுக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். பேனல்களில் நிழல் விழுகிறதாம், டவருக்குக் கீழே நம் ஆட்களை அடக்கியிருக்கும் மையவாடியில் நான்கு மரங்களை வெட்ட வேண்டுமாம். நிர்வாகத்தில் இரண்டு பேர் முடியவே முடியாது என்றார்கள். பிறகு அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தார்கள். எங்கட புள்ளையே சைன் வச்சிருக்கான், அவனுக்குத் தெரியாததா என்று எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். வாப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வாயே திறக்கவில்லை.

நான்காம் மரம், உம்மாவின் தலைமாட்டில் நீ நட்ட ஜம்பு மரம்.

உனக்குத் தெரியாமல் போயிருக்கும். வரைபடத்தில் ஊர்ப் பெயர் இல்லை, டவர் நம்பர்தான் இருந்தது, நானும் பார்த்தேன். ஆனால் வாப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹுஸ்னி ஒண்ணும் யோசிக்காமச் செய்ய மாட்டான் மகள் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். பார்க்காமலே கையெழுத்து வைத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

போன மாத மழையில், பேனலுக்காக வெட்டிய மேட்டு மண் சரிந்து மையவாடியை மூடிவிட்டது. அடிக்கட்டைகூடத் தெரியவில்லை. நம் ஊரில் கபுறுக்குக் கல் வைத்துப் பெயர் எழுதுவதில்லை, மரம்தான் அடையாளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா அந்தச் சேற்றில் இறங்கினார். இங்கே கொஞ்சம் நின்று ஓதினார், அங்கே கொஞ்சம் நின்று ஓதினார். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினார். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால், நீ இனி என்னை ராத்தா என்று கூப்பிட மாட்டாய்.

உன் விருதை நீயே வைத்துக்கொள். உங்கள் ஆட்கள் திருப்பிக் கொண்டுபோன அந்த வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வா. டவரிலிருந்து ஒவ்வொரு மரமும் எத்தனை மீட்டர் என்று அதில் போட்டிருந்தது. உம்மா இருக்கும் இடம் இப்போது அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

நீயே அளந்து, வாப்பாவின் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்து. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பார்வையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் ராத்தா
நூருன்னிஸா