நார்வே ஃபிடிலுக்கு யாரும் ஆடவில்லை, அண்ணா

என் அருமை ரகு அண்ணாவுக்கு,

நீ பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தும் உன்னிடம்தான் புலம்ப வேண்டியிருக்கிறது. நேற்று உன் நார்வே நடனக் குழுவின் கோடை விழா. உன் நினைவாக நடத்தினார்கள். ஒருவர்கூட ஆடவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

இங்கே அமெரிக்காவில், பார்சிப்பனி ஆபீசில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன், கூட வேலை பார்த்த இங்ரிட் கூப்பிட்டாள் என்று அந்தக் குழுவுக்குப் போனாய். சின்ன வயதில் கற்ற வயலின் போதும் என்ற தைரியம். முதல் நாளே அவர்கள் கொடுத்த ஃபிடிலை வாங்கி, தரையில் சம்மணம் போட்டு, அதன் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து வாசித்தாயாம். ஜோடி ஜோடியாக நின்றவர்கள் அசையவே இல்லை. வாசிப்பவரின் கால் தரையில் தட்டுவதைக் கேட்டுத்தான் அவர்கள் ஆடுவார்கள் என்று உனக்கு யார் சொல்வது? நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ காலால் தட்டத் தொடங்கினாய். அதன்பிறகு நீ வராத வாரம் அவர்கள் ஆடவே மாட்டார்கள்.

அவர்களையா நேற்று சர்ச் ஹாலில் கைகட்டி உட்கார வைத்தோம்?

இங்ரிட் முன்பே அண்ணிக்குப் போன் செய்து, உங்கள் வழக்கப்படி என்ன செய்யலாம், எது கூடாது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, ஆட்டம் பாட்டம் வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். நாம் பண்டிகை கொண்டாடாமல் இருப்பது சரி. நார்வேக்காரர்களுக்கு என்ன தீட்டு? நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அண்ணியின் மனம் நோகக் கூடாது என்று இங்ரிட் ஒரே பிடியாக நின்றாள்.

உன் ஃபிடிலை வேறொருவர் வாசித்தார். நல்ல வாசிப்புதான். வில் படாத அடித் தந்திகள் கூடவே ரீங்கரிப்பது கடைசி வரிசைவரை கேட்டது. ஆனால் எம்பிராய்டரி போட்ட உடையெல்லாம் உடுத்தி வந்தவர்கள் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவரின் முழங்கால் தானாக ஆட, அவர் மனைவி அதைக் கையால் அமுக்கினார். உன் பெயரைச் சொல்லி அவர்களுக்கு இப்படி ஒரு தண்டனையா?

திரும்பும்போது காரில் கேட்டேவிட்டேன்.

"அண்ணனுக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான் அண்ணி. அதை ஏன் ஸ்டாப் பண்ணீங்க?"

எங்கள் எக்சிட்டில் ஹைவேயை விட்டு இறங்கினோம். அப்போது அண்ணி சொன்னார்:

"வருஷம் திரும்பலன்றதெல்லாம் சும்மா சொன்னேன் வசந்தி. வேற ஒருத்தர் வாசிச்சு அவங்க ஆடினா, அவர் இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு ஆயிடும். அதை என்னால பாக்க முடியாது."

அதற்கு மேல் நான் யாரைத் திட்டுவது, நீயே சொல். உன்னைத்தான். இவ்வளவு அவசரமாக உன்னை யார் போகச் சொன்னது?

அடுத்த கோடையில் அவர்களை ஆட வைக்கிறேன் அண்ணா, சத்தியமாக. அண்ணியையும் அழைத்துப் போவேன். அவரால் பார்க்க முடியவில்லை என்றால், இருவரும் வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று அழுகிறோம். உள்ளே அவர்கள் ஆடட்டும்.

இன்னும் கோபம் தீராத உன் தங்கை,
வசந்தி