உன் மகள் கடித்து வைத்த ரொட்டி

என் அருமை அக்கா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டாதே. உன் மகள் பிரியாவின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தது நான்தான். முந்தாநாளிலிருந்து அது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது.

அவளுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை. இன்று மாலை பெங்களூரிலிருந்து விமானம். "இவள உன் கண்ணெதிர்லயே வெச்சுக்கோ" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, உன் சொல்லைக் காப்பாற்றுவதா, அவளை அனுப்புவதா? நீ இல்லாமல் யாரிடம் கேட்பேன்?

நீ மட்டும் வெளிநாடு போகவில்லையாடி என்பாய். போனேன். நீ இறந்த மறு வருடம், எங்கள் கம்பெனி உஸ்பெகிஸ்தானில் திறந்த ஆலைக்கு என்னைத் தரம் பார்க்கும் வேலையைச் சொல்லித்தர மூன்று மாதம் அனுப்பினார்கள். பிரியா அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். நான் தங்கியது ஜுல்ஃபியா வீட்டில். என் வயதுதான் அவளுக்கும். நான் தோசை சொல்லிக்கொடுத்தேன், அவள் ரொட்டி சொல்லிக்கொடுத்தாள்.

முற்றத்தில் பெரிய பானை மாதிரி மண் அடுப்பு. மாவைத் தட்டி, நடுவில் முள் அச்சால் குத்தி, அடுப்பின் உள்சுவரில் அறைய வேண்டும். என்னுடைய முதல் நான்கும் நெருப்பில் விழுந்தன. டீ விஷயத்தில் எனக்குத் திமிர். மாட்டுப் பண்ணை ஊரான மத்திகிரிக்காரிக்கு டீ சொல்லித்தர வேண்டுமா? ஜுல்ஃபியா வீட்டு டீயில் பாலே கிடையாது. கிண்ணத்தில் ஊற்றி, திரும்பக் கெட்டிலிலேயே விட்டு, இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

ஒருநாள் ஜுல்ஃபியாவின் நாத்தனாருக்கு நான் ஊற்றினேன், நம் வழக்கப்படி தளும்பத் தளும்ப. அந்தம்மா முகம் சுருங்கி எழுந்துவிட்டார். அங்கே அரைக் கிண்ணம்தான் மரியாதை, இன்னும் இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். ஊருக்கு வந்ததும் பிரியாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இன்று காலை அவள் பீரோவையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன், மண் அடுப்புக்குப் பதில் மாவைத் தோசைக்கல்லில் ஒட்டி, கல்லைத் தீக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது வேலை வேண்டுமே.

"சித்தி, நீதான எடுத்த?"

"நான் எதுக்குடி எடுக்கப்போறேன்? மொதல்ல டீயக் குடி."

உட்கார்ந்தாள். அங்கிருந்து கொண்டுவந்த கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். கிண்ணத்தைப் பார்த்தாள், தொடவில்லை.

"முழுசா ஊத்திட்ட. கெளம்பச் சொல்றியா சித்தி?"

பார்த்தேன். டீ விளிம்பு வரை நின்றது. பழக்கதோஷம் அக்கா, சத்தியமாக. கை தவறிடுச்சுடி என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், அவளோ கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தாள். எழுந்து போய் அரிசிக்குள் கையை விட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஏன் சித்தி இப்பிடிப் பண்ண?"

"பயம்டி."

ஜுல்ஃபியா வீட்டுச் சுவரில், ஓரத்தில் கடித்த காய்ந்த ரொட்டி ஒன்று தொங்கும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். தூர தேசம் போன மகன் கடித்தது. மீதியை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். பிரியா தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள், ஒரு வாய் கடித்தாள், மீதியை என் கையில் வைத்தாள்.

"எறும்பு வராம பாத்துக்கோ" என்றாள்.

அவள் ஏறிய கார் இந்நேரம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியிருக்கும். பயம் போகவில்லை அக்கா. நீ கேட்டதை நான் செய்யவில்லை, மன்னித்துவிடு. ரொட்டியைத் துணியில் கட்டி உன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவள் வந்து தின்னும் வரை அதை இறக்க மாட்டேன். வந்த அன்று அவளுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவேன்.

உன் பேச்சைக் கேட்காத தங்கை,
செல்வி